முனியசாமியிடம் ஒரு வாய்தா

நூல் நுனியை நாக்கில் ஈரமாக்கிக் கோணி ஊசியில் கோத்தாள் சேதுலட்சுமி. காகிதக் கட்டை மேசை விளிம்பில் வைத்து, முழங்கையால் அமுக்கிக்கொண்டு இடது ஓரத்தில் ஓங்கிக் குத்தினாள். ஊசி பாதி வழியில் நின்றுவிட்டது. காலிலிருந்த செருப்பைக் கழற்றி, அதன் குதிப்பக்கத்தால் ஊசித் தலையில் இரண்டு தட்டு தட்டினாள். மறுபக்கம் ஊசி மூக்கை நீட்டியது.

“ஸ்டேப்ளர் நூத்தியெண்பது ரூபாதாம்மா,” என்றார் குமாஸ்தா மலையாண்டி. பத்தொன்பது வருஷமாக இதைச் சொல்கிறார். ஆரம்பத்தில் நாற்பது ரூபாயாக இருந்தது.

“ராம்நாட்டு உப்புக்காத்துக்கு பின்னு ரெண்டு மழை தாங்காதுண்ணே. நம்ம கேஸு மூணு மழை பாக்கும்.”

அந்த ஆபீஸ் இருப்பது கோர்ட்டுக்கு இரண்டு தெரு தள்ளி, ஒரு போட்டோ ஸ்டுடியோவின் மாடியில். ஸ்டுடியோ அவள் வீட்டுக்காரர் முத்துகிருஷ்ணனுடையது. கீழே அவர் மாலையும் கழுத்துமாக நிற்கவைத்து எடுத்த ஆல்பத்தை, நாலைந்து வருஷம் கழித்து அதே ஜோடி மாடிக்குத் தூக்கிக்கொண்டு வந்து, “இது சான்றாவணம் ஒண்ணு” என்று மேசையில் போடுவதுண்டு. முத்துகிருஷ்ணனுக்கு ஆடியிலும் மார்கழியிலும் தொழில் கிடையாது. சேதுலட்சுமிக்குப் பன்னிரண்டு மாதமும் சீசன்.

அதிலும் அவளிடம் வருவது கடல் தாண்டிய விவகாரங்கள். ஒருத்தர் இங்கே, ஒருத்தர் எங்கேயோ. தேவிபட்டினத்துப் பெண்ணும் பினாங்கிலிருந்த அவள் புருஷனும் எட்டு மாதம் ஒரு கிரைண்டருக்காக நின்றார்கள். கிரைண்டர் கப்பலில் போய், அங்கே ஒரே ஒரு தடவை மாவாட்டி, திரும்பக் கப்பலில் வந்தது. கடைசியில் குழவி அவருக்கு, தொட்டி இவளுக்கு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினாள் சேதுலட்சுமி. கத்தாரில் ஒருவர், தனியாகப் பேச இடமில்லாமல் மீன் வைக்கிற குளிர் அறைக்குள் நின்று வீடியோவில் வந்தார். அவர் பல் கிடுகிடுத்ததைப் பார்த்து, மனசு உடைந்து அழுகிறார் என்று மாமியார் இந்தப் பக்கம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அந்த ஜோடி இப்போது சேர்ந்து வாழ்கிறது. குளிர் அறை என்று யாரும் சொல்லவில்லை.

ஆபீஸ் சுவரில் ஏழு கடிகாரங்கள். பிரிவினைப் பட்டியல் போடும்போது நகை, பீரோ, கட்டில், ஏன் கொசுவலைக்குக்கூடச் சண்டை வரும். கல்யாணத்துக்கு அன்பளிப்பாக வந்த சுவர்க்கடிகாரம் மட்டும் யாருக்கும் வேண்டாம். “நீங்களே வச்சுக்கங்க வக்கீலம்மா” என்று விட்டுப் போவார்கள். சேதுலட்சுமி எல்லாவற்றுக்கும் பேட்டரி போட்டு, துபாய், சிங்கப்பூர், டொராண்டோ என்று ஆளுக்கொரு நேரம் வைத்து, அடியில் ஊர் பெயர் ஒட்டி மாட்டிவிட்டாள். டொராண்டோ கடிகாரத்தின் முகத்தில் ‘மணமக்கள் பல்லாண்டு வாழ்க’ என்று தங்க எழுத்து. பிரிய வந்தவர்கள் அதைப் பார்த்துக்கொண்டேதான் பேச வேண்டும். வேறு பக்கம் பார்க்க ஜன்னல் கிடையாது.

வழக்கை நடத்துவதற்கு முன் கோர்ட்டு, இரண்டு தரப்பையும் ஒரு சமரசரிடம் அனுப்பும். நடுவில் உட்கார்ந்து பேச வைக்கிற ஆள். சேதுலட்சுமி அதற்கு முறையாகப் பயிற்சி எடுத்தவள். சென்னையிலிருந்து வந்த பயிற்சியாளர் மனத்தின் ஆழத்தைக் கேளுங்கள் என்றார். அதை ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு, ஊருக்கு வந்து தனக்கென்று மூன்று விதி வைத்துக்கொண்டாள். வந்தவுடன் ஆளுக்கு ஒரு டம்ளர் நீர்மோர். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு தடவை எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பிவிட வேண்டும். மூத்திரத்தை அடக்கிக்கொண்டு யாரும் சமாதானமானதில்லை. மூன்றாவது, ஒருத்தர் தனியாகச் சொன்னதை அடுத்தவரிடம் சொல்லக் கூடாது. வீட்டுக்காரரிடமும்தான். முத்துகிருஷ்ணனுக்கு அதில் வருத்தம் உண்டு.

இப்போது அவள் தைத்துக்கொண்டிருந்தது சிநேகா, ராம்குமார் ஒப்பந்தம்.

சிநேகா இராமநாதபுரத்தில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ராம்குமார் நியூசிலாந்தில் பால்பவுடர் ஆலை ஒன்றில் மின்சார வேலை. கல்யாணமாகி ஆறு வருஷத்தில் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தது நூற்று அறுபது நாள். பெரிய சண்டை ஒன்றும் இல்லை. அவன் கூப்பிடும்போது அவள் டூட்டியில் இருப்பாள். அவள் கூப்பிடும்போது அவன் தூங்குவான். ஒரு நாள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் ஓய்வு கிடைத்தது. பேச ஒன்றும் இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

நான்கு வயசில் ஒரு மகள், பானு. சிநேகாவுக்கு அயர்லாந்தில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை கிடைத்திருந்தது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்கத் தகப்பன் சம்மதம் வேண்டும். வியாழக்கிழமை காலை மதுரை பாஸ்போர்ட் ஆபீசில் நேரம் வாங்கியாகிவிட்டது. அது தவறினால் விசா தவறும். பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போவதா, வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு இருப்பதா என்று சிநேகா உட்கார வேண்டியதுதான்.

ராம்குமார் தங்கமாக ஒத்துக்கொண்டான். தூதரகத்தில் முத்திரை வாங்கிச் சம்மதப் பத்திரத்தை இரண்டு அசலாகக் கூரியரில் அனுப்பினான். எதுவும் இரண்டாக வேண்டும் என்பது சேதுலட்சுமியின் பழக்கம். ஒன்று அவனுடைய அப்பா கூத்தையா கையில். இன்னொன்று அவள் பீரோவில். பேச்சு முடிந்ததும் கொடுக்கலாம் என்று அவன் சொல்லிவிட்டால் போதும்.

திங்கட்கிழமை பதினொரு மணிக்கு எல்லோரும் கூடினார்கள். மேசைக்கு இந்தப் பக்கம் சிநேகா. அந்தப் பக்கம் கூத்தையாவும் அவர் சம்சாரம் உலகம்மாளும். நடுவில் மடிக்கணினியில் ராம்குமார், தடித்த சட்டையும் குல்லாயுமாக. முப்பத்திரண்டு பிரிவுகளையும் சேதுலட்சுமி சத்தமாகப் படித்தாள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேரும் “சரி” என்றார்கள். இவ்வளவு சுலபமாக எதுவும் முடியாது என்று அவளுக்கு ஒரு சந்தேகம்.

“எல்லாஞ் சரி தாயி,” என்றாள் உலகம்மாள். “கிடா?”

“என்ன கிடா?”

சிநேகா தலையில் கை வைத்துக்கொண்டாள்.

பிரசவத்தில் சிநேகாவுக்கு ரத்தக்கொதிப்பு ஏறி ஆபத்தான நேரத்தில், உலகம்மாள் முனியசாமிக்கு ஒரு கிடா நேர்ந்துவிட்டாள். தாயும் பிள்ளையும் சுகமாக வந்தால், எல்லோரும் வந்து நின்று வெட்டுகிறோம் என்று வேண்டுதல். குட்டியாக விட்டது நான்கு வருஷத்தில் கன்றுக்குட்டி அளவுக்கு வளர்ந்துவிட்டது. நேர்ந்துவிட்ட கிடாவைக் கட்டக் கூடாது, அடிக்கக் கூடாது, விரட்டக் கூடாது. போகிற இடமெல்லாம் வழிவிட வேண்டும், கேட்டதைக் கொடுக்க வேண்டும். அதனால் ஊரில் அதற்கு மினிஸ்டர் என்று பெயர்.

“ராம்குமார் ரெண்டு தடவ வந்தான்ல? அப்பவே முடிச்சிருக்கலாமே,” என்றாள் சேதுலட்சுமி.

“ஒரு தடவ பங்காளி வீட்டுல தீட்டு. இன்னொரு தடவ கெடாய்க்கு வவுத்தால போச்சு,” என்றார் கூத்தையா.

“தம்பி, ராம்குமாரு. நீங்க இருக்கிற நாட்டுல ஆளவிட ஆடு அதிகம்னு சொல்றாக. அங்கன ஒண்ண...”

“அது செம்மறி மேடம். முனியசாமிக்கு வெள்ளாடுதான்.” ராம்குமார் குல்லாயைச் சரிசெய்தான். “நேந்தது நேந்ததுதான். அத முடிக்காம பத்திரத்த விட்டா ஆத்தாவுக்கு மனசு கேக்காது. முடிச்சிட்டு நானே சொல்றேன், குடுங்கன்னு.”

“எப்ப வாறீக?”

“இப்ப எங்க மேடம் லீவு? அடுத்த வருசம்தான்.”

சிநேகா எழுந்துவிட்டாள். “அத்தை, வியாழக்கிழமை பாஸ்போர்ட்டு. ஒரு ஆட்டுக்காக எம்பிள்ளைய நிப்பாட்டுறீகளா?”

“ஆடுன்னு சொல்லாத. சாமி சொத்து.”

சேதுலட்சுமி எல்லோரையும் கழிப்பறைக்கு அனுப்பினாள். அவர்கள் திரும்பி வருவதற்குள் யோசித்து முடித்திருந்தாள். கோர்ட்டில் சாட்சி வீடியோவில் வருகிறது, நீதிபதி ஏற்றுக்கொள்கிறார். அங்கிருந்தே போனில் முனியசாமி கோயில் பூசாரி ராக்கப்பனைப் பிடித்தாள்.

“வீடியோவுல நின்னா சாமி ஏத்துக்கிருமா பூசாரி?”

“கோர்ட்டு ஏத்துக்கிருதா?”

“ஏத்துக்கிருது.”

“அப்ப சாமி என்ன, கோர்ட்டவிடக் கிராக்கியா? வரச் சொல்லுங்க. ஆனா போன்ல சார்ஜு இருக்கணும். பாதியில அணைஞ்சா அபசகுனம். கிடா துளுக்கணும், அத மறந்துறாதீக. துளுக்காம அருவாளத் தொட மாட்டேன்.”

துளுக்குவது என்றால், மஞ்சத்தண்ணீரை ஊற்றியதும் கிடா உடம்பைச் சிலிர்த்து உதற வேண்டும். அதுதான் சாமியின் சம்மதம். உதறாத கிடாவை யாரும் வெட்ட மாட்டார்கள்.

“ஆக மூணு பேர் சம்மதம் வேணும்,” என்றார் மலையாண்டி. “புருசன், பொஞ்சாதி, ஆடு.”

புதன்கிழமை காலை முத்துகிருஷ்ணன் காரை எடுத்தார். ஆடி மாதம், சும்மாதான் இருந்தார். பரமக்குடிக்குத் தெற்கே கண்மாய்க் கரையில் முனியசாமி கோயில். ஒரு பீடம், இரண்டு அரிவாள், ஒரு வேப்பமரம். செல்போனுக்குச் சிக்னல் கிடைத்த ஒரே இடம் கண்மாய் மடையின் மேல்திட்டு. அங்கே மலையாண்டி ஏறி, போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு நின்றார். அதில் ராம்குமார். இடுப்பில் வேட்டி, காலில் ரப்பர் பூட்ஸ், கழுத்தில் துண்டு. அங்கே சாயங்காலம் நாலரை மணி, நல்ல குளிர். சிக்னலுக்காக அவனும் ஆலைக்கு வெளியே வேலியோரம் வந்திருந்தான். பின்னால் முந்நூறு செம்மறிகள் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தன.

“ராம்குமாருக்குப் பக்கத்துல சிநேகா நில்லுங்க,” என்றார் பூசாரி.

சிநேகா பானுவை இடுப்பில் வைத்துக்கொண்டு மடைக்குக் கீழே போய், போனுக்கு நேராக நின்றாள். “இன்னும் கொஞ்சம் நெருக்கி, ம், லேசாச் சிரிங்க,” என்றபடி முத்துகிருஷ்ணன் கேமராவைத் தூக்கினார். சேதுலட்சுமி அவரை ஒரு பார்வை பார்த்தாள். கேமரா இறங்கியது.

மினிஸ்டர் தானாகவே வந்து சேர்ந்தது. கறுப்பு உடம்பு, முறுக்கிய கொம்பு, தாடி. வெயிலில் தோல் செருப்பு மாதிரி பளபளவென்று மின்னியது. பூசாரி ஒரு செம்பு மஞ்சத்தண்ணீரை முதுகில் ஊற்றினார். தண்ணீர் வழிந்து ஓடியது. கிடா அசையவில்லை.

“சாமி, உத்தரவு குடு.”

இரண்டாவது செம்பு. கிடா அசை போட்டது.

மூன்று, நான்கு, ஐந்து. போனிலிருந்த செம்மறி ஒன்று ‘ம்மே’ என்றது. மினிஸ்டர் தலையைத் தூக்கிப் போனை உற்றுப் பார்த்து, பதில் ஒன்று சொல்லிவிட்டு மறுபடி அசை போட்டது.

“அய்யா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க, எனக்குத் தெரியல,” என்றான் ராம்குமார்.

“உனக்குத் தெரிஞ்சு என்ன செய்யப்போற? அதுக்குல்ல தெரியணும்,” என்றார் கூத்தையா.

எட்டாவது செம்பில் மஞ்சள் தீர்ந்தது. பூசாரி அரிவாளை ஓரமாகச் சாய்த்து வைத்தார். “முனியன் சம்மதிக்கல. என்னமோ குறை இருக்கு.”

சிநேகா பானுவை மறு இடுப்புக்கு மாற்றினாள். “இப்ப என்னங்க செய்யிறது? நாளைக்கு ஒம்பதே காலுக்கு மதுரையில நிக்கணும்.”

யாரும் பதில் சொல்வதற்குள் அது நடந்தது. கூத்தையா மாலை, தேங்காய், பழத்தோடு சம்மதப் பத்திரத்தையும் ஒரே மஞ்சப்பையில் போட்டு, வேப்பமரத்தடியில் வைத்திருந்தார். பூசாரி பின்வாங்கியதும் மினிஸ்டர் நேரே அங்கே போயிற்று. மாலையை முகர்ந்தது. பிடிக்கவில்லை. பத்திரத்தை வெளியே இழுத்தது.

“அய்யய்யோ, பத்திரம்!”

பத்துப் பேர் அங்கே நின்றார்கள். ஒருத்தரும் தொடவில்லை. நேர்ந்துவிட்ட கிடா. கூத்தையா கையெடுத்துக் கும்பிட்டார். “சாமி, குடுத்துருங்க சாமி. அது நியூசிலாந்துல இருந்து வந்தது சாமி.” சாமி முதல் பக்கத்தை முடித்துவிட்டு இரண்டாம் பக்கத்துக்குப் போனது.

தொங்கிய காகிதத்தின் மூலையில் ஏதோ மின்னியது. சேதுலட்சுமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. “பின்னு! பின்னு போட்டிருக்கான்! குடல்ல குத்திரும்!”

சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடி, கிடாவின் கழுத்தையும் முதுகையும் சேர்த்துக் கட்டிப்பிடித்தாள். கை வழுக்கியது. மறுபடி பிடித்தாள். பிள்ளையைப் பூசாரி கையில் கொடுத்துவிட்டுச் சிநேகாவும் வந்தாள். புத்தி கலங்கிய கிழவர்கள் வாயிலிருந்து பல்செட்டையும் பொத்தானையும் எடுத்துப் பழகிய கை. கடைவாய் ஓரத்தில் பல்லில்லாத இடமாகப் பார்த்துக் கட்டை விரலை நுழைத்து அழுத்தினாள். மினிஸ்டர் வாயைத் திறந்தது. ஒரே இழுப்பில் காகித உருண்டையும் அதில் குத்தியிருந்த பின்னும் வெளியே வந்தன.

“வாயத் தொட்டுட்டியேடி!” என்றாள் உலகம்மாள்.

“பின்ன? செத்தா நீங்க வெட்டவே வேணாம்ல அத்தை?”

மடையின் மேலிருந்து, “என்ன நடக்குது? எனக்கு வானந்தான் தெரியிது,” என்று ராம்குமார் கத்தினான். மலையாண்டி பதற்றத்தில் போனை வானத்தைப் பார்க்கத் திருப்பிப் பிடித்திருந்தார்.

உலகம்மாள் இப்போது குரலை உயர்த்தினாள். “பாத்துக்கங்க எல்லாரும். கிடாவும் துளுக்கல, பத்திரத்தையும் தின்னுருச்சு. பிள்ள போகக் கூடாதுன்னு முனியனே சொல்லிட்டான். இதுக்கு மேல என்ன உத்தரவு வேணும்?”

கூட்டத்தில் இரண்டு தலைகள் ஆடின. சிநேகா கையிலிருந்த காகித உருண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சேதுலட்சுமி தன் உள்ளங்கையைப் பார்த்தாள். இரண்டு கையும் முழங்கை வரை மினுமினுத்தன. முகர்ந்தாள். செக்கில் ஆட்டிய நல்லெண்ணெய். கிடாவின் முதுகை இன்னொரு தடவை தடவினாள். மயிர்க்கால் வரைக்கும் ஊறியிருந்தது. எண்ணெய்க் கொப்பரையில் முக்கியதுபோல இருக்கிற உடம்பில் எட்டுச் செம்பு ஊற்றினால் என்ன, எண்பது ஊற்றினால் என்ன. தண்ணீர் தோலைத் தொட்டால்தானே சிலிர்க்கும்.

“உலகம்மாக்கா, ஒரு நிமிசம் தனியா வாங்க,” என்றாள்.

கண்மாய்க் கரையோரம் மோட்டார் ரூமுக்குப் பின்னால் இரண்டு பேரும் போனார்கள். சேதுலட்சுமி உள்ளங்கையை உலகம்மாள் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

உலகம்மாள் கையைப் பார்த்தாள். வானத்தைப் பார்த்தாள். “ஆடி வெயிலு. உடம்புச் சூட்டுக்குத் தேச்சுவிட்டேன்.”

“எத்தன லிட்டர்?”

“...ஒண்ணரை.”

“ரெண்டு வருசத்துக்கு முன்னாடி கிடாய்க்கு வவுத்தால போச்சே, அது?”

“வெளக்கெண்ண.” முந்தானை நுனியைத் திருகிக்கொண்டே, “பங்காளி வீட்டுத் தீட்டு மட்டும் நெசம்,” என்றாள்.

சேதுலட்சுமி மோட்டார் ரூம் படியில் உட்கார்ந்தாள். உலகம்மாளும் உட்கார்ந்தாள்.

“வேண்டுதல் முடிஞ்சா பத்திரத்தக் குடுத்துருவான். குடுத்தா பிள்ள போயிரும். வாரத்துல மூணு நாளு எங்கிட்டத்தான் கெடக்கும் வக்கீலம்மா. அந்தக் கிடாவும் பிள்ளையும் ஒண்ணா வளந்துச்சுக. ரெண்டையும் ஒரே நாள்ல அனுப்பச் சொல்றீகளே.”

“சிநேகாட்ட இதச் சொன்னீகளா?”

“அவ எனக்கு மருமகளே இல்லன்னு முப்பத்திரண்டு பிரிவு எழுதிட்டீக. என்னத்தச் சொல்ல?”

அது உண்மைதான். நகைக்குப் பிரிவு இருந்தது, பீரோவுக்குப் பிரிவு இருந்தது, உலகம்மாளுக்கு ஒரு வரி இல்லை. தைத்த கட்டைப் பிரிக்க வேண்டும் என்று சேதுலட்சுமி மனசுக்குள் குறித்துக்கொண்டாள். “சரி, உங்களுக்கு என்ன வேணும்? ஒண்ணொண்ணாச் சொல்லுங்க. அழுகாமச் சொல்லுங்க, எழுதணும்.”

உலகம்மாள் விரல் மடக்கினாள். ஞாயிற்றுக்கிழமை மூணு மணிக்குப் பிள்ளை போனில் பேச வேண்டும். தமிழில் பேச வேண்டும். பள்ளிக்கூட லீவுக்கு வர வேண்டும். இன்னும் காது குத்தவில்லை, அதை அங்கே எந்தக் கடையிலும் போய்த் துப்பாக்கியால் குத்திவிடக் கூடாது. அஞ்சு வயசில் இங்கே வந்து, மொட்டை போட்டு, முறையாகக் குத்த வேண்டும்.

“அஞ்சு வயசுன்னா அடுத்த ஆடி,” என்றாள் சேதுலட்சுமி. அவளுக்குத் தொழில் புத்தி வேலை செய்தது. “அப்ப ராம்குமாருக்கும் லீவு. கிடாவையும் அன்னைக்கு வச்சுக்கிட்டா?”

“வேண்டுதலத் தள்ளிப்போட்டா சாமி குத்தமில்லையா?”

“முப்பது வருசமா அதுதான எனக்குத் தொழிலு. வாய்தா கேப்போம்.”

திரும்பி வந்து பூசாரியிடம் கேட்டாள். நல்லெண்ணெய் பற்றி மூச்சு விடவில்லை. ராக்கப்பன் தாடையைத் தடவினார். மஞ்சத்துணியில் காசு முடிந்து வைத்து, வேண்டுதலைத் தள்ளிப்போடுவது உண்டுதான் என்றார். “ஆனா அடுத்த வருசம் இதுக புருசன் பொஞ்சாதியா இருக்காதுகளே?”

“அக்கா என்னன்னு நேந்தாக? தாயும் பிள்ளையும் சுகமா வரணும்னு. தாயும் பிள்ளையும் வந்து நிக்கும். தகப்பன் தகப்பனா நிப்பான்.”

“அப்படிப் போடுங்க,” என்றார் பூசாரி.

சிநேகாவிடம் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமைப் பேச்சு, லீவு, காதுகுத்து எல்லாவற்றையும் சொன்னாள். சிநேகா உலகம்மாளைப் பார்த்தாள். “இதத்தான் கேக்கணும்னா நேராக் கேட்டிருக்கலாமே அத்தை. நான் என்ன வேணாம்னா சொல்லப்போறேன்?”

“நீ மூஞ்சிய அப்படி வச்சிருந்தா யாரு கேக்கிறது?”

“எம் மூஞ்சியே அப்படித்தான்.”

ராம்குமார் போனிலிருந்து, “எனக்குச் சம்மதம்! மேடம், சீக்கிரம், எனக்குக் கால் விறைச்சுப்போச்சு!” என்றான்.

மஞ்சத்துணியில் ஒரு ரூபாய் முடிந்து பீடத்தில் வைத்தார்கள். பூசாரி எழுந்தார். “வாய்தாவுக்கும் ஒரு உத்தரவு கேட்டுருவோம். மஞ்சள் இல்ல, வெறுந்தண்ணி போதும்.” செம்பை எடுத்துக்கொண்டு கிடாவின் முதுகுக்கு நேராகப் போனார்.

“முதுகுல வேணாம் பூசாரி, காதுல ஊத்துங்க,” என்றாள் உலகம்மாள் அவசரமாக. “காதுல நான் தட...”

சேதுலட்சுமிக்குப் பலமாக இருமல் வந்தது. அவள் இருமி முடிப்பதற்குள் பூசாரி காதில் ஊற்றியிருந்தார்.

மினிஸ்டர் ஒரு கணம் திகைத்து நின்றது. பிறகு கொம்பிலிருந்து வால் வரைக்கும் உதறியது பாருங்கள், நான்கு வருஷ உதறலையும் சேர்த்து உதறியது. எட்டுச் செம்பு மஞ்சத்தண்ணீரும் ஒன்றரை லிட்டர் எண்ணெயும் சுற்றி நின்ற அத்தனை பேர் மேலும் தெறித்தன. பூசாரியின் முகம், கூத்தையாவின் வெள்ளை வேட்டி, முத்துகிருஷ்ணனின் கேமரா, ஒன்றும் தப்பவில்லை. பானு கைதட்டிச் சிரித்தது.

“உத்தரவு! வாய்தாவுக்கு உத்தரவு!” என்றார் பூசாரி, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“பத்திரத்தக் குடுத்துருங்க மேடம்!” என்று நியூசிலாந்து கத்தியது. அத்தோடு போனில் சார்ஜ் தீர்ந்தது.

காரில் திரும்பும்போது முத்துகிருஷ்ணன் மூக்கை உறிஞ்சினார். “என்னமோ நல்லெண்ண வாட அடிக்கிதே. கேமராவெல்லாம் பிசுக்கா இருக்கு.”

“ஆமா.”

“என்ன ஆமா?”

“ரோட்டப் பாத்து ஓட்டுங்க.”

மறுநாள் காலை ஆறு மணிக்குச் சேதுலட்சுமி பஸ் ஸ்டாண்டில் நின்றாள். இரண்டு தடவை சீயக்காய் போட்டும் கையில் பிசுக்குப் போகவில்லை. பீரோவிலிருந்த அசல் பத்திரத்தை, பின்னைப் பிடுங்கி, நூலால் தைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டுச் சிநேகாவிடம் கொடுத்தாள். மதுரை பஸ் கிளம்பும்வரை இருந்து, பானுவுக்கு ஒரு வாழைப்பழமும் வாங்கிக் கொடுத்தாள். அங்கிருந்து ஆபீசுக்கு வந்து, கட்டைப் பிரித்து, முப்பத்து மூன்றாவது பிரிவாக உலகம்மாள் கேட்ட நான்கையும் எழுதிச் சேர்த்து மறுபடி தைத்தாள். கிடாவைப் பற்றி ஒரு வரி எழுதினாள்: ‘மேற்படி வேண்டுதல் அடுத்த ஆடிக்கு ஒத்திவைக்கப்படுகிறது.’ அடுத்த ஆடியிலும் செக்கில் நல்லெண்ணெய் விற்கும் என்பது அவளுக்குத் தெரியும். அதை எழுதவில்லை.

பிறகு முக்காலியில் ஏறி, டொராண்டோ கடிகாரத்தைக் கழற்றினாள். அந்த வழக்கு போன மாதமே முடிந்துவிட்டது. உலகம்மாள் மகனை எத்தனையோ தடவை நடுச்சாமத்தில் எழுப்பி “சாப்பிட்டியா” என்று கேட்டவள் என்பது முப்பத்திரண்டு பிரிவுகளில் ஏழாவதில் ராம்குமார் தரப்பு வருத்தமாகவே பதிவாகியிருந்தது. சேதுலட்சுமி புதுப் பேட்டரி போட்டு, அயர்லாந்துக்காக நம் நேரத்துக்கு நாலரை மணி பின்னால் முள்ளைத் திருப்பி, ‘டொராண்டோ’ சீட்டைக் கிழித்துவிட்டு ‘பானு’ என்று எழுதி ஒட்டினாள். பழைய சேலைத் துணியில் சுற்றி மலையாண்டியிடம் கொடுத்தாள்.

“கோர்ட்டுல ஒப்பந்தத்தக் குடுத்துட்டு, அப்படியே பரமக்குடி பஸ் ஏறி இத உலகம்மாக்கா வீட்டுல சேத்துருங்கண்ணே. இதுல எட்டு மணி ஆகாம போன் அடிக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. ஐப்பசியில அந்த நாட்டுல கடிகாரத்த ஒரு மணி நேரம் பின்னால தள்ளுவாக, அப்ப இதையும் மாத்த ஆள் அனுப்புறேன்னு சொல்லுங்க.”

“ஆகட்டும்மா. நீங்க சொல்லலைன்னாலும் ஒண்ணு சொல்லிட்டு வாறேன்,” என்றார் மலையாண்டி, மூட்டையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு.

“என்ன?”

“மினிஸ்டருக்கு எட்டாத உசரத்துல மாட்டச் சொல்லணும்.”